ஐந்து கட்டை அருவி

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டதா இல்லையா என்பதை வானிலை ஆய்வு மையத்துக்கு முன்பே என் மாமனார் அறிவித்துவிடுவார். கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்கென்று ஜூன் 1 என ஒரு தேதி வைத்திருக்கிறார்கள். அந்தத் தேதியில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. தென்காசி வீட்டு மொட்டைமாடிக் கொடியில் காயும் அவருடைய வேட்டி எந்தப் பக்கமாகப் பறக்கிறது என்பதுதான் அவருடைய கணக்கு. வேட்டி கொடியை விட்டுக் கிளம்பிக் கிழக்கு வீட்டு முருங்கை மரத்தில் போய் உட்கார்ந்த அன்று சென்னைக்குப் போன் வரும்.

"மாப்பிள்ளை, காத்து திரும்பிட்டு. டிக்கெட்டைப் போடுங்க."

இந்த வேட்டி விஞ்ஞானத்தில் குறை சொல்ல இடமில்லை. தென்மேற்குப் பருவமழையைப் பெரும்பாலும் கேரளத்தோடு நிறுத்திக்கொள்வது மேற்குத் தொடர்ச்சி மலையின் வழக்கம். செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவுக் கணவாயில் மட்டும் மலை கொஞ்சம் இறங்கி வழி விடுகிறது. 1904-ல் கொல்லத்துக்கு ரயில் விட்டவர்கள் அந்த வழியாகத்தான் விட்டார்கள். மேகமும் காற்றும் அதே வழியாகத்தான் வருகின்றன, டிக்கெட் எடுக்காமல். அந்தப் பக்கம் கொட்டித் தீர்த்தது போக மிச்சம் மீதி இந்தப் பக்கம் சிந்துவதற்குச் சாரல் என்று பெயர். சாரலுக்குக் குடை பிடித்தால் தென்காசிக்காரர்கள் சிரிப்பார்கள். பிடிக்காவிட்டால் சென்னைக்காரனுக்குச் சளி பிடிக்கும். நான் சளியைத் தேர்ந்தெடுத்துப் பல வருஷம் ஆகிறது. மாமனார் வீட்டில் மரியாதை முக்கியம்.

ஆபீஸில் லீவு வாங்குவதுதான் கஷ்டம். என் மேலாளர் டிசம்பர் ரசிகர். மார்கழி பிறந்தால் சபா சபாவாகப் போய்வந்து, கச்சேரியைப் பற்றிக் கால் மணி நேரமும் கேண்டீனைப் பற்றி முக்கால் மணி நேரமும் எங்களுக்குச் சொல்வார். சீசன் என்றால் அவருக்கு அது ஒன்றுதான். ஜூலையில் ஒருவன் வந்து "சீசனுக்குப் போகணும் சார்" என்றால் அவருக்குப் புரிவதில்லை. "கொஞ்சம் அமைதி வேண்டியிருக்கு சார், இயற்கையோட இருக்கணும்" என்று சொன்னால்தான் கையெழுத்துப் போடுகிறார்.

இதில் அமைதி என்பது சுத்தப் பொய். அமைதி எனக்கு ஒத்துக்கொள்வதே இல்லை. ஒருமுறை நண்பர்கள் பேச்சைக் கேட்டு, "பறவைச் சத்தம் தவிர வேறு எதுவும் கேட்காது" என்று விளம்பரம் செய்த ஒரு மலை விடுதியில் போய்த் தங்கினேன். பறவைகள் ஆறு மணிக்கு வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டன. அதற்கப்புறம் கேட்டதெல்லாம் என்னுடைய மனசு பேசுவதுதான். வீட்டுக் கடனுக்கு இன்னும் எத்தனை தவணை, கார் இன்சூரன்ஸ் எப்போது முடிகிறது, கல்லூரியில் என்னோடு படித்தவன் இப்போது எவ்வளவு சம்பளம் வாங்குகிறான் என்று வரிசையாக விசாரணை. சென்னையில் பக்கத்து மனையில் போர்வெல் போடுகிற சத்தத்தில் இதெல்லாம் கேட்காமலாவது இருந்தது.

எனக்கு வேண்டியது இன்னும் பெரிய சத்தம். அது குற்றாலத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

ராத்திரி எழும்பூரில் பொதிகையில் ஏறினால் காலையில் தென்காசி. ரயிலடிக்கு மச்சினன் வந்திருப்பான். "வாங்க அத்தான்" என்பதற்கு முன்பே "ஆர்ச்சுக்குக் கீழதான் விழுது" என்பான். பேரருவியில் பாதுகாப்பு வளைவு ஒன்று இருக்கிறது. அதுதான் ஆர்ச். தண்ணீர் அதைத் தாண்டி விழ ஆரம்பித்தால் போலீஸ்காரர் விசில் அடித்து எல்லாரையும் வெளியே வரச் சொல்லிவிடுவார். அதனால் சீசனில் தென்காசிப் பக்கம் இரண்டு பேர் சந்தித்தால் சாப்பாட்டை விசாரிப்பதற்கு முன்னால் ஆர்ச்சை விசாரிப்பார்கள்.

பேரருவி மேலிருந்து நேரே நம் தலையில் விழுவதில்லை. பாதி வழியில் பொங்குமாங்கடல் என்று பாறையில் ஒரு பெரிய பள்ளம். முழு வேகத்தையும் அதில் இறக்கிவிட்டு, நிரம்பிப் பொங்கி வழிந்த பிறகுதான் கீழே வருகிறது. அந்தப் பள்ளம் மட்டும் இல்லையென்றால் அடியில் நின்று குளிப்பது நடக்கிற காரியமில்லை. மனுஷனுக்கும் கோபம் வந்தால் நடுவில் இப்படி ஒரு பள்ளம் இருந்திருக்கலாம் என்று என் மனைவி சொல்வதுண்டு. யாரைச் சொல்கிறாள் என்று நான் கேட்டுக்கொண்டதில்லை.

அருவிக்குள் நுழைவதற்கு முன்னால் இசை நிகழ்ச்சி வேறு இருக்கிறது. பஸ் நிறுத்தும் இடத்தில் நிற்கிற ஒவ்வொரு டூரிஸ்ட் வேனுக்கும் ஒரு பாட்டு. ஒன்றில் அம்மன் பாட்டு, ஒன்றில் கானா, ஒன்றில் எண்பதுகளின் இளையராஜா. நேந்திரம் சிப்ஸ் கடைக்காரர் "சூடா சூடா" என்று நடுவில் தாளம் போடுவார். ரம்புட்டான் வாங்கிய கையைக் குரங்கு பார்த்துக்கொண்டிருக்கும். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் இங்கே பக்கத்தில் மேலகரத்துக்காரர். அவருடைய பாட்டில் வரும் குரங்குகள் ஒன்றுக்கொன்று பழம் கொடுத்துக் கொஞ்சிக்கொள்ளும். அந்த வம்சம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இப்போது இருப்பவை கொடுப்பதில்லை. பையைத் திறந்து, சிப்ஸை எடுத்துக்கொண்டு, சோப்பை நம்மிடமே வீசிவிடுகின்றன. அருவியில் சோப்பு போடக்கூடாது என்ற தடையைக் குற்றாலத்தில் முழுமையாக அமல்படுத்துவது இவைதான்.

மாமனார் இது எதையும் கவனிக்கமாட்டார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, அருவியின் சுருதியைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

அவருடைய கொள்கைப்படி ஒவ்வோர் அருவிக்கும் ஒரு கட்டை உண்டு. பேரருவி நாலு கட்டை, வெள்ளம் வந்தால் நாலரை. பழைய குற்றாலம் மூன்று. சிற்றருவி ஹார்மோனியம் தொடங்குவதற்கு முன்னாலேயே நின்றுவிடும். ஐந்தருவி ஐந்து கட்டை. "ஏன்?" என்று நான் கேட்டபோது, "பேர்லயே இருக்கே மாப்பிள்ளை" என்றார். ஆதாரமாக அவர் காட்டுவது எஸ்.ஜி.கிட்டப்பாவை. மைக் இல்லாத காலத்தில், நாடகக் கொட்டகையின் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி எட்டாத சுருதியில் பாடியவர். 1906-ல் செங்கோட்டையில் பிறந்து, இருபத்தேழு வயதில் போய்விட்டார். "செங்கோட்டைப் பிள்ளை. சின்ன வயசில் ஐந்தருவியில் நின்னு கத்திக் கத்திப் பழகின தொண்டை. இல்லேன்னா மனுஷனுக்கு அந்தச் சாரீரம் வருமா?" என்பார். கிட்டப்பா ஐந்தருவியில் சாதகம் செய்ததாக எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. மாமனாரிடம் இதைச் சொல்லவுமில்லை.

அவரிடம் சொல்லாமல் வைத்திருக்கும் இன்னொரு விஷயமும் உண்டு. விழும் தண்ணீர் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு போகிறது. அந்தக் காற்றுக் குமிழ்கள் தண்ணீருக்குள் அதிர்வதுதான் அருவிச் சத்தத்தில் பெரும்பங்கு. சின்னக் குமிழ் கீச்சென்றும் பெரிய குமிழ் கனமாகவும் ஒலிக்கும். கோடிக்கணக்கான குமிழ்கள், கோடிக்கணக்கான சுருதிகள், எல்லாம் ஒரே நேரத்தில். ஆகவே அருவிக்குத் தனியாக ஒரு கட்டை கிடையாது, எல்லாக் கட்டையும் உண்டு. நாலு வேண்டும் என்று கேட்டால் நாலு கேட்கும், ஐந்து என்றால் ஐந்து. எந்தச் சுருதியில் பாடுகிறவனோடும் சண்டை போடாத தம்புரா உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

அதன் பலனை ஆண்கள் பகுதியில் பார்க்கலாம். வரிசையில் நிற்கும்போது எல்லாரும் சாதாரண மனிதர்கள். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, முன்னால் நிற்பவர் முதுகு எண்ணெய் தங்கள்மேல் படாமல் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். தண்ணீருக்குள் தலையை விட்டதும் வாய் திறந்துவிடும். எனக்கு வலப்பக்கம் நின்ற பெரியவர் டி.எம்.எஸ். ஆகிவிட்டார் என்பது கழுத்து நரம்பில் தெரிந்தது. இடப்பக்கத்து இளைஞன் கையை விரித்துக்கொண்டு ஏதோ சோகப் பாட்டில் இருந்தான். அதற்கடுத்தவர் நிச்சயமாக ஸ்வரம் பாடிக்கொண்டிருந்தார், விரல்கள் தொடையில் எண்ணிக்கொண்டிருந்தன. ஒருவர் பாட்டு ஒருவருக்குக் கேட்காது. அதனால்தான் எல்லாரும் நன்றாகப் பாடினார்கள். நானும் பாடினேன். வீட்டில் என் பாட்டுக்குக் குளியலறைக்கு உள்ளேயே அனுமதி இல்லை. இங்கே ஒரு முழு ஆலாபனை முடித்துப் பல்லவிக்கு வந்துவிட்டேன். ஆட்சேபனை எழவில்லை.

தலைமேல் யாரோ தவில் வாசிக்கிற மாதிரி அடி விழும்போது மனசால் பேச முடியாது. வீட்டுக் கடன் வாயைத் திறக்கிறது, கேட்கவில்லை. கார் இன்சூரன்ஸ் எழுந்து நிற்கிறது, தள்ளிவிடப்படுகிறது. கல்லூரி நண்பனின் சம்பளத்தில் முதல் இலக்கம் வருவதற்குள் அடுத்த அடி விழுந்துவிடுகிறது. பையும் போனும் வெளியே மச்சினனிடம். கண்ணைத் திறந்தாலும் வெள்ளையாகத் தண்ணீர்தான். காசியில் முழுக்குப் போட்டவர்கள் பாவம் போயிற்று என்கிறார்கள். எனக்குப் பாவம் போனதா என்று தெரியாது, மேலாளர் போய்விட்டார்.

போலீஸ்காரர் விசில் அடித்து அடுத்த கூட்டத்துக்கு இடம் விடச் சொன்னபோது பெரியவர் மட்டும் கடைசி வரியை இழுத்துக்கொண்டே தண்ணீரை விட்டு வெளியே வந்தார். அந்த வரி தண்ணீருக்கு வெளியிலும் கேட்டது. அருவி அதுவரை நமக்குச் செய்துவந்த உபகாரம் எவ்வளவு பெரியது என்பது அப்போதுதான் புரிந்தது. அவரே திடுக்கிட்டுத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

மத்தியானம் மாமனார் சித்திர சபைக்கு அழைத்துப் போனார். நடராஜருடைய ஐந்து சபைகளில் குற்றாலத்தில் இருப்பது இதுதான். சிதம்பரம்போல இங்கே விக்கிரகம் இல்லை. சுவரில் மூலிகை வண்ணத்தில் தீட்டிய ஓவியமாக ஆடுகிறார். வெளியே சாரல், உள்ளே சுவர் முழுக்கச் சித்திரம். மாமனார் குரலைத் தாழ்த்திக்கொண்டு, ரசிகமணி டி.கே.சி. கடைசிக் காலத்தில் இந்த ஊரில்தான் இருந்தார் என்றும், கம்பன் பாட்டு ஒன்றை எடுத்தால் அதைவிட்டு நகர மனசில்லாமல் அனுபவிப்பார் என்றும், அவர் வாழ்ந்த ஊருக்கு வந்து சும்மா பார்த்துவிட்டுப் போவது மரியாதை இல்லை என்றும் சொன்னார். நான் மரியாதையாக ரசித்துக்கொண்டிருந்தேன். அப்போது மச்சினன் போனைக் கொண்டுவந்து நீட்டினான். மேலாளர்.

வெளியே வந்து எடுத்தேன்.

"காலையிலேருந்து கூப்பிடுறேன். எங்கய்யா இருந்தீங்க?"

"கச்சேரியில இருந்தேன் சார்."

"ஜூலையிலயா? எந்த சபா?"

"சித்திர சபை சார்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. மயிலாப்பூரிலிருந்து நங்கநல்லூர் வரை மனசுக்குள் தேடுகிறார் என்று புரிந்தது. கோப்பைப் பற்றிக் கேட்க வந்ததை மறந்துவிட்டார்.

"புதுசா? கேள்விப்பட்டதே இல்லையே. கூட்டம் எப்படி?"

"நிக்க இடமில்லை சார்."

"பக்கவாத்தியம்?"

"தவில் மட்டும்தான். ஆனா பலம்."

"அது கிடக்கட்டும். கேண்டீன் எப்படி?"

பக்கத்தில் மச்சினன் கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றான். ராத்திரிக்கு செங்கோட்டைப் பக்கம் பார்டர் கடையில் பரோட்டாவும் கோழிச் சால்னாவும் என்று காலையிலேயே முடிவாகியிருந்தது. மாமனாருக்கு அங்கே ஆம்லெட் மட்டும், அதுவும் மாமியாருக்குத் தெரியாமல்.

"இன்னும் போகலை சார், இப்பதான் கிளம்புறோம்" என்றேன். "போய்ட்டு வந்து முக்கால் மணி நேரம் சொல்றேன்."