காவற்கோபுரம் யாருக்குச் சொந்தம்?

கே: 'ஆல் அலாங் த வாட்ச்டவர்' ஜிமி ஹென்ட்ரிக்ஸ் பாட்டுதானே? பாப் டிலன் என்று நண்பன் சாதிக்கிறான்.

ப: நண்பனுக்கு ஒரு காபி வாங்கிக் கொடுங்கள். எழுதி, முதலில் பாடியவர் டிலன். 1967 நவம்பரில் நாஷ்வில்லில் பதிவு. டிசம்பர் 27 அன்று 'ஜான் வெஸ்லி ஹார்டிங்' தட்டில் வெளியீடு. உங்கள் காதிலும் பழுதில்லை. பெற்றவள் தேவகி என்றாலும் ஊர் கொண்டாடுவது யசோதையைத்தானே!

கே: ஹென்ட்ரிக்ஸ் எப்போது கைவைத்தார்?

ப: 25-ஆம் நாள். தட்டின் சூடே ஆறவில்லை! 1968 ஜனவரி 21, லண்டன் ஒலிம்பிக் ஸ்டுடியோ. தொடங்கத்தான் அவசரம். பிறகு நாடாவை நியூயார்க்குக்குத் தூக்கிப்போய், கிதார் மேல் கிதாராக அடுக்கிக்கொண்டே இருந்தார். செப்டம்பரில்தான் மனசு வந்து வெளியே விட்டார்.

கே: டிலன் பதிவு சப்பென்று இருக்கிறதே?

ப: விளக்கை அணைத்துவிட்டு இன்னொரு தரம் கேளுங்கள். மரக்கிதார், மவுத் ஆர்கன், பேஸ், டிரம்ஸ். இரண்டரை நிமிடம். பீட்டில்ஸ் 'சார்ஜென்ட் பெப்பர்' மூலம் ராக் இசைக்குச் சரிகைப் பட்டு உடுத்திய அதே 1967-ல், இவர் கதர் கட்டிக்கொண்டு வந்தார். புயலுக்கு முன்னால் இலை அசையாது. அந்த அமைதி அது.

கே: பாட்டு என்னதான் சொல்கிறது?

ப: கோமாளியும் திருடனும் பேசிக்கொள்கிறார்கள். தொலைவில் இரண்டு குதிரைக்காரர்கள் வருகிறார்கள். அவ்வளவுதான், முடிந்தது! வேர், பைபிளில் ஏசாயா 21-ஆம் அதிகாரம்: ஜாமக்காரன், குதிரைவீரர், பாபிலோன் விழுந்த சேதி. அந்தக் குதிரைக்காரர்கள் யார் என்று யோசித்தால், பாட்டின் முதல் வரிக்கே திரும்பிப் போவீர்கள். வாலைப் பிடித்தால்தான் தலை தெரியும்.

கே: மொத்தமே மூன்று கார்டாமே?

ப: அடுப்புக்கும் மூன்று கல்தான்.

கே: ஹென்ட்ரிக்ஸ் பதிவில் பேஸ் கிதார் யார்?

ப: அவரேதான். குழுவின் பேஸ் கலைஞர் நோயல் ரெட்டிங் பாதியிலேயே கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். பன்னிரண்டு தந்திக் கிதார், 'டிராஃபிக்' குழுவின் டேவ் மேசன். டிரம்ஸ், மிட்ச் மிட்செல். மற்றதில் பெரும்பங்கு ஹென்ட்ரிக்ஸ். மாப்பிள்ளையே நாதஸ்வரமும் வாசித்த கல்யாணம்!

கே: விற்றதா?

ப: பிரிட்டனில் 5-ஆம் இடம், அமெரிக்காவில் 20. அமெரிக்காவின் முதல் நாற்பதுக்குள் அவர் நுழைந்த ஒரே சிங்கிள் இதுதான். அத்தனை பெரிய யானைக்கு அத்தனை சின்ன வாசல். எனக்கு இன்றும் ஆறவில்லை.

கே: டிலனுக்குப் பொறாமை வரவில்லையா?

ப: வந்தது மரியாதை. 1970-ல் ஹென்ட்ரிக்ஸ் 27 வயதில் மறைந்தார். 1974-ல் 'த பேண்ட்' குழுவோடு டிலன் மேடையேறிப் பாடியது, ஹென்ட்ரிக்ஸ் வழியை ஒட்டி. இன்றுவரை 2000 தடவைக்கு மேல் பாடிவிட்டார். அவர் மேடையில் அதிகம் பாடிய பாட்டும் இதுவே. தான் கட்டிய வீட்டில் தானே குடித்தனம் இருக்கச் சம்மதித்த மனுஷர்.

கே: எதை முதலில் கேட்க?

ப: டிலனை, மெதுவாக. அப்புறம் ஹென்ட்ரிக்ஸ், முழுச் சத்தத்தில். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினால் உள்ளே கூப்பிட்டு உட்காரவையுங்கள்.