அரையடிச் சண்டைக்கு ஒரு யோசனை

வாப்பா தம்பி, உக்காரு. மாடம்பாக்கத்துல மனை வாங்கி, வீடும் கட்டி, இன்னும் பக்கத்து வீட்டுக்காரனோட சண்டை போடலையா? அப்போ நீ இன்னும் முழுசா குடிவரலை. எப்படின்னு நான் சொல்லித்தரேன்.

முதல்ல, பத்திரத்தைப் படிக்காதே. கடைசிப் பக்கத்துல சொத்து விவரம்னு இருக்கும். வடக்கே இன்னார் மனை, தெற்கே 20 அடி ரோடுன்னு நாலு பக்கத்துக்கும் செக்குபந்தி எழுதியிருப்பாங்க. பரப்பளவு ஒண்ணு சொல்லி, நாலெல்லை வேற சொன்னா, கோர்ட்டு பெரும்பாலும் எல்லையைத்தான் எடுத்துக்கும். இது தெரிஞ்சுட்டா பாதிச் சண்டை படுத்துடும். ‘2400 சதுர அடி எழுதியிருக்கு, 30 குறையுது’ன்னு கத்தறதுதான் நமக்கு வசதி.

அது என்ன 30? பக்கத்து வீட்டுக்காரன் அறுபதடி நீளச் சுவரை அரையடி தள்ளிக் கட்டிட்டான். ஒரு கிரவுண்டுல எண்பதுல ஒரு பங்கு. விடலாமா? முன்சீப் கோர்ட்டுல கேஸ் போடு. வாய்தா வாய்தான்னு ஓடி, உன் பையன் காலேஜ் முடிச்சுடுவான். அவனையே வக்கீலுக்குப் படிக்க வெச்சுட்டா ஃபீஸ் மிச்சம்.

வழிப் பிரச்சினை இன்னும் ருசி. இங்கெல்லாம் வயக்காடா இருந்தப்போ ‘வண்டி மாடு போகவர மாமூல் வழிநடை பாத்தியம்’னு எழுதினாங்க. வண்டியும் போச்சு, மாடும் போச்சு. அந்த வரியை மட்டும் பத்திரத்துக்குப் பத்திரம் பார்த்து எழுதிக்கிட்டே வந்து, இப்போ அதுல கார் போகலாமான்னு அடிச்சுக்கறாங்க.

1882ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டம்னு ஒண்ணு இருக்கு. அடுத்தவன் நிலத்து வழியா 20 வருஷம் தடையில்லாம, உரிமையா நடந்திருந்தா அது உன் பாத்தியம். அரசாங்க நிலம்னா 30 வருஷம். ஆனா ‘அண்ணே, போய்க்கட்டுமா?’ன்னு கேட்டுக் கேட்டு நடந்தவனுக்கு ஒண்ணும் கிடையாது. அது வெறும் அனுமதி. நம்ம ஊர்ல மரியாதைக்காரன் தோக்கறது இப்படித்தான்.

மனைப் பிரிவு ரோடுன்னா கேக்கவே வேணாம். வரைபடத்துல 20 அடி. நடந்து பார்த்தா 16. மீதி நாலடி ரெண்டு பக்கமும் படிக்கட்டாவும் கார் ஏத்தற சரிவாவும் படுத்திருக்கும். அதுக்கு மேல நின்னுக்கிட்டே, ஆம்புலன்ஸ் வர வழியில்லைன்னு மாநகராட்சிக்கு மனு எழுதுவாங்க. 2021ல நம்ம மாடம்பாக்கமும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சியாச்சு. அப்பவும் படி உள்ளே போகலை. அங்கீகாரமில்லாத மனையைப் பதியக்கூடாதுன்னு 2016ல ஹைகோர்ட்டு நிறுத்தினப்போதான், மனை விக்கறப்போ தரகர் காட்டின கலர் படம் அங்கீகாரம் இல்லைன்னே பலபேருக்குப் புரிஞ்சுது. அப்புறம் 2017ல வரன்முறைத் திட்டம் வந்து காப்பாத்துச்சு. காகிதம் வரன்முறையாச்சு, காம்பவுண்டு சுவர் எங்க ஆச்சு?

சண்டையே வேணாம்னு தோணுச்சுன்னா, அதுக்கும் வழி இருக்கு. கொஞ்சம் சப்புனு இருக்கும். புல வரைபடத்தை ஒரு பிரதி வாங்கு. அளவைக்கு விண்ணப்பிச்சுப் பணம் கட்டு. சர்வேயர் வர்ற அன்னைக்கு பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டு நிறுத்து. கல் நடறப்போ ரெண்டு பேரும் பார்த்துக் கையெழுத்து போடுங்க. சுவர் அதுக்கப்புறம் எழும்பட்டும்.