பெல்ட்டுக்குச் சோப்பு போட்ட மாப்பிள்ளை

வாடா மாப்ளே, வா. பல்லடம் ரோட்டுல வாட்டர் சர்வீஸ் வெச்சு ஊரு வண்டியெல்லாம் கழுவி உடற மொதலாளி நீ. உன்ற பம்பு போடற கடகட சத்தத்துல ரெண்டு தோட்டம் தள்ளி இருக்கற எனக்குத் தூக்கம் போச்சு. நீ காதுல பஞ்சு வெச்சுக்கிட்டு வேலை பாக்கறயாமா? ரொம்பச் சரி. நோவு பம்புக்கு, மருந்து காதுக்கு!

அதை உடு. பெல்ட்டு கிறீச்சுனு கத்துச்சுன்னு குளிக்கற சோப்பை எடுத்துத் தேய்ச்சயாமே! அப்படியே பவுடரும் அப்பிப் பொட்டும் வெச்சு உட்டிருக்கலாம். சோப்பு போட்டா சித்த நேரம் சத்தம் அடங்கும். அப்பறம் வழுக்கும், சூடேறும், இருக்கற பெல்ட்டும் போயிரும். வி பெல்ட்டு புல்லியை இழுக்கறது ரெண்டு பக்கத்தாலடா, அடியால இல்ல. தேஞ்சுபோனது பள்ளத்துக்குள்ள எறங்கி அடியில போய் உக்காந்துக்கும். புல்லிப் பள்ளத்தோட அடி பளபளன்னு மின்னுச்சுன்னா, 'அடடா, என்ன சுத்தம்'னு பூரிச்சுப் போவாதே. பெல்ட்டு அங்க ஒரசித் தேய்க்குதுன்னு அர்த்தம்.

உன்ற சிக்கனம் ஊருக்கே தெரியும். ரெண்டு பெல்ட்டுல ஒண்ணு அறுந்தா ஒண்ணை மட்டும் வாங்கி மாட்டுவே. பழசு நீண்டு தொங்கிப் போயிருக்கும், புதுசு விறைப்பா நிக்கும். பாரம் பூரா அந்தப் புதுசு தலையில. அதுவும் சீக்கிரமே அறுந்துரும். கடைக்காரன் உன்னைப் பாத்தா கும்புடறானே, ஏன்னு நெனைச்சே? ரெண்டையும் ஒண்ணா மாத்து. ஒரே கம்பெனி, ஒரே நம்பரு. பி-52ன்னு எழுதியிருந்தா பி சைசு, உள்சுத்து 52 அங்குலம். கடைக்குப் போய் ரெண்டு கையையும் விரிச்சு 'இத்தனை நீளம்'னு காட்டிக்கிட்டு நிக்காதே.

மாட்டினதுக்கு அப்பறம் இன்னொரு கூத்து நடக்கும். மோட்டாரைப் பின்னால தள்ளி, தட்டினா டங்குனு ஓசை வர்ற மாதிரி இழுத்துக் கட்டுவே. பெல்ட்டு நல்லாத்தான் இருக்கும், பேரிங் செத்துப் போவும். ரெண்டு புல்லிக்கும் நடுவுல பெல்ட்டு 16 அங்குலம் ஓடுதுன்னு வெச்சுக்கோ. நடு மத்தியில கட்டை விரலால அழுத்தினா கால் அங்குலம் அமுங்கோணும், அதான் கணக்கு. பொறவு ஒரு கொத்தனார் நூலை எடுத்து ரெண்டு புல்லி மொகத்துலயும் ஒட்டிப் புடி. நாலு எடத்துலயும் நூலு தொடோணும். தொடலீன்னா பெல்ட்டு கோணி ஓடும், ஒரு பக்கமாத் தேயும். நூலுக்குக் காசில்ல மாப்ளே, அதனாலதான் உனக்கு அது மேல நம்பிக்கை வரமாட்டேங்குது.

பிரஷர் பத்தலீன்னு பம்புப் புல்லியைச் சின்னதா மாத்தச் சொன்னானாமே ஒரு ஞானி? மோட்டாரு 1440 சுத்து. அதுல 4 அங்குலப் புல்லி, பம்புல 8 அங்குலப் புல்லின்னா பம்பு 720 சுத்து சுத்தும். 8ஐ எடுத்துட்டு 6 போட்டா 960. பம்புத் தகட்டுல எத்தனை சுத்துன்னு அடிச்சிருக்கான்னு படிச்சயா? மொதல்ல நாசிலைக் கழட்டிப் பாரு. அதோட ஓட்டை தேஞ்சு பெருசாயிருந்தா பிரஷர் எறங்கத்தான் செய்யும், மாத்த வேண்டியது நாசிலை, புல்லியை இல்ல.

இப்ப அந்தக் கடகட சத்தத்துக்கு வர்றேன். கரண்டை நிறுத்திப் பீஸைப் புடுங்கி உன்ற ஜோப்புல வெச்சுக்கோ. தண்ணி அடிக்கற கன்னை அமுக்கி லைன்ல இருக்கற பிரஷரை எறக்கு. அந்தத் தண்ணி தோலையே கிழிச்சு உள்ள போயிரும், வெளையாட்டு இல்ல. பெல்ட்டைக் கழட்டிட்டுப் பம்புப் புல்லியைக் கையால சுத்து. நறநறன்னு தட்டுதா? மேலயுங்கீழயும் ஆட்டினா ஆடுதா? அப்பப் பேரிங் போச்சு. புல்லி மட்டும் தனியா ஆடுதுன்னா கீ தேஞ்சிருக்கும். அங்க பவுடர் டப்பாத் தகரத்தை வெட்டிச் சொருகற உன்ற சாமர்த்தியம் வேண்டாம். புதுக் கீ போடு. கீ உக்கார்ற பள்ளமே அகண்டிருந்தா லேத்துக்குக் கொண்டுபோ.

பேரிங் மேலயே நம்பரு இருக்கும். 6206ன்னா கடைசி ரெண்டு எண்ணை 5ஆல பெருக்கு: உள் ஓட்டை 30 மில்லிமீட்டர். பழசைப் புல்லர் போட்டு இழு. புதுசை மாட்டறப்பச் சுத்தியலைக் கண்டா உனக்குச் சாமி வந்துரும், அடக்கிக்கோ. ஷாஃப்ட்டுல ஏத்தறதுன்னா உள்வளையத்தைத்தான் தள்ளோணும். வெளிவளையத்துல அடிச்சா அந்த அடி பூரா நடுவுல இருக்கற குண்டுக்குப் போவும். புதுப் பேரிங் மாட்டறப்பவே பழசாயிரும்.

எல்லாஞ் செஞ்சும் ஒண்ணை உட்டுட்டே. பேரிங் ஏன் போச்சுன்னு கேட்டயா? ஆயில் கண்ணாடியைத் தொடைச்சுப் பாரு, உள்ள டீக்கடைப் பாலாட்டம் வெளுத்துக் கெடக்குது. கிராங்க் கேஸ்ல தண்ணி பூந்திருக்குது. எப்படிப் பூந்துச்சு? உன்ற போர் தண்ணியில மணல், உப்பு. அது பேக்கிங்கைத் தின்னுது. பேக்கிங் தேஞ்சா பிளஞ்சரை ஒட்டித் தண்ணி கசியுது. பம்புக்கடியில சொட்டுச் சொட்டா ஊத்தினப்ப நீ என்ன பண்ணினே? டப்பா வெச்சுப் புடிச்சே! அந்தத் தண்ணி ஆயில் சீலையும் தாண்டி உள்ள போச்சு, பேரிங் துருப்புடிச்சுது. இன்னுங் கொஞ்ச நாள் உட்டிருந்தா கிராங்க் ஷாஃப்ட்டும் போயிருக்கும். அத்தனைக்கும் மொதக் காரணம் உள்ளதுலயே வெலை கொறைஞ்ச அந்தப் பேக்கிங்தான். அதை மாத்தாம பேரிங்கை மட்டும் மாத்தறது அந்தப் பேரிங்குக்கு நாள் குறிக்கற சோலி.

பேக்கிங்கை மூணு பிளஞ்சருக்கும் ஒண்ணா மாத்து. பிளஞ்சர் மேல நகத்தை ஓட்டிப் பாரு, கீறல்ல மாட்டுச்சுன்னா அதையும் மாத்து. இல்லீன்னா புதுப் பேக்கிங்கையும் அது அறுத்துரும். ஆயில் சீல்ல சுருள் கம்பி தெரியற பக்கம் ஆயிலைப் பாத்து இருக்கோணும். கனெக்டிங் ராடைக் கழட்டினா எந்த மூடி எந்த ராடுதுன்னு குறி போட்டு வை. சம்பந்தி மாதிரி மாத்தி உக்கார வெச்சா ஒத்துப் போவாது. கிளாண்ட்டுல கிரீஸ் கப்பு இருக்குதே, அதை அழகுக்கு வெச்சிருக்கறாங்கன்னு நெனைச்சயா? தெனமும் திருகோணும். தண்ணி உறிஞ்சற பக்கம் வடிகட்டி போடு.

கடைசியா, ஆயிலு. வர்ற வண்டியில எறக்கற கழிவு ஆயிலைப் பம்புக்கு ஊத்தற தர்மப் பிரபு நீதான்னு கேள்விப்பட்டேன். பம்புக்காரன் சொன்ன ஆயிலைப் பாதிக் கண்ணாடி வரைக்கும் ஊத்து. கையால நாலு சுத்துச் சுத்திப் பாரு. கன்னைத் தொறந்து வெச்சு, பிரஷர் இல்லாம சித்த நேரம் ஓட்டு. மொத 50 மணி நேரத்துல ஒருக்கா ஆயிலை மாத்து. பொறவு எப்பப்ப மாத்தறதுன்னு உன்ற பம்புப் பொஸ்தகத்துலயே போட்டிருக்கும். தேதியை ஒரு நோட்டுல எழுதி வை.

நீ எழுத மாட்டேன்னு எனக்குத் தெரியும். அதனால நோட்டை நானே வாங்கி உம் பொண்டாட்டி கையில குடுத்துட்டேன். அம்மிணிக்கு இனிமே ஆயில் நெறமும் தெரியும், மாசக் கணக்கும் தெரியும். உன்ற பம்பு பொழைச்சுக்கும். நீ பொழைக்கறது உன் கையில.