உரித்தாலும் போகாத உத்தியோகம்

தகுதியில்லாமல் வண்டியில் ‘பிரஸ்’, ‘அட்வகேட்’, ‘போலீஸ்’ என்று ஒட்டியிருந்தால் 2024 மே 2 முதல் அபராதம் என்று அறிவித்தது சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை. முதல் முறை 500 ரூபாய், மறுமுறை 1,500. படிப்பு, பட்டம், பதவி மூன்றையும் ஒரே வெட்டில் வழங்கிவந்த அம்பத்தூர் ஸ்டிக்கர் கடைகள் படுத்துவிடும் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். உரிப்பதும் தொழில்தானே! ஹேர் டிரையரால் சூடு காட்டி, தூண்டில் நரம்பை உள்ளே விட்டு அறுத்து, மிச்சப் பசையை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தால் ஒரு பத்திரிகையாளர் கால் மணி நேரத்தில் குடிமகனாகிவிடுவார். (தின்னர் மட்டும் வேண்டாம், பதவியோடு பெயின்டும் போய்விடும்.)

ஆனால் ஆவடி வெயில் விசுவாசமானது. சுற்றிலும் பெயின்டை வெளுக்கவிட்டு, ஸ்டிக்கர் இருந்த இடத்தை மட்டும் ஷோரூம் நிறத்திலேயே காப்பாற்றி வைத்திருக்கிறது. உரித்த பிறகு ‘பிரஸ்’ இன்னும் பளிச்சென்று தெரிகிறது. இல்லாத ஸ்டிக்கருக்கு எந்தப் பிரிவில் அபராதம் போடுவது?

பூந்தமல்லியில் புதுக் கார் எடுத்தவர் நேராகக் கடைக்கு வருகிறார்: “அண்ணே, ஒட்டல்லாம் வேணாம். உரிச்ச மாதிரி மட்டும் போட்டுக் குடுங்க.”