மூன்று விசிலுக்குள் ஒரு சதுரம்: குரோஷாவும் ஒட்டுத்துணியும் குறித்த ஆய்வேட்டின் சுருக்கம்

முன்னோர் ஆய்வுகளில் குறை கண்டுவிட்டுத்தான் ஆய்வேட்டைத் தொடங்க வேண்டும் என்பது நம் பல்கலைக்கழக மரபு. இத்துறையில் அதற்கு வழியில்லை. காப்பியங்களில் அணிகலன், குறவஞ்சிகளில் கூந்தல் ஒப்பனை என்றெல்லாம் தலைப்புக்கு ஒப்புதல் தரும் வழிகாட்டிகள், குரோஷா ஊசி என்றதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். வாசல் தோரணமும் டி.வி. மூடியும் ஃபிரிட்ஜ் கைப்பிடி உறையும் அந்த ஊசி தந்தவை என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. எனவே இவ்வாய்வு வழிகாட்டி இன்றியே நடந்தது. அதனால் சீக்கிரம் முடிந்தது.

ஆய்வுச் சிக்கல் இதுதான். வேலைக்குப் போய், வீட்டையும் பார்த்து, மாமனாரின் மாத்திரையையும் மகளின் டியூஷனையும் நினைவில் வைத்திருப்பவர் ஆண்டுக்கொரு போர்வை பின்னி முடிக்கிறார். பணி ஓய்வு பெற்றதும் பின்னலாம் என்று காத்திருந்தவர், ஓய்வு பெற்று, ஊசி செட்டும் நூலும் வாங்கி, அவற்றை அழகாக அடுக்கி வைத்திருக்கிறார். நேரம் இருப்பவரிடம் போர்வை இல்லை. போர்வை இருப்பவரிடம் நேரம் இல்லை. என்னை?

எமது கருதுகோள்: கைவேலை ஓய்வு நேரத்தில் நடப்பதில்லை, இடுக்கு நேரத்தில் நடக்கிறது. இடுக்கு நேரமாவது, வேறொன்று முடிவதற்காகக் காத்திருக்கையில், அவ்விடம் விட்டு நகரவும் முடியாமல் கையில் வந்து விழும் நேரம். குக்கரின் முதல் விசிலுக்கும் மூன்றாம் விசிலுக்கும் நடுவே உள்ளது அவ்வகை. டாக்டர் அறைக்குள் 17 போய்க்கொண்டிருக்க நம் டோக்கனில் 43 என்றிருப்பதும் அவ்வகை. ரேஷன் கடை மிஷின் பாட்டியின் கைரேகையைப் பாட்டியுடையது என்று ஒப்புக்கொள்ள மறுக்கும் கால அளவும் இதில் அடங்கும். கைபேசி பார்க்கலாமே எனின், பார்க்கலாம். பார்த்த பிறகு கையில் ஒன்றும் மிஞ்சாது என்க.

ஆய்வு எல்லை குறித்து ஒரு சொல். ஒயர் கூடை தனிப் பேரினம் என்பதால் விலக்கப்பட்டது. பூத் தொடுப்பதும் இடுக்கு நேரக் கலையே. தாம்பரம்–கடற்கரை மின்ரயிலின் பெண்கள் பெட்டி அதற்குச் சான்று. ஆயினும் பூ மாலைக்குள் வாடிவிடுவதால் அதைப் பாதியில் போட்டுவைக்க வழியில்லை. பாதியில் போட்டுவைக்க முடியாத எதுவும் இவ்வாய்வின் பொருளாகாது.

பாதியில் போட்டுவைத்தல் என்ற கோணத்தில் பார்த்தால் குரோஷாவின் சிறப்பு விளங்கும். ஸ்வெட்டர் பின்னும் இரட்டை ஊசி முறையில் ஒரு வரிசையின் கண்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் ஊசிமேல் உயிரோடு நிற்கும். ஊசி நழுவினால் அத்தனையும் அநாதை. குரோஷாவில் எந்தக் கணத்திலும் உயிரோடு இருப்பது ஒரே ஒரு கண்தான். அழைப்பு மணி அடித்தால் வளையலில் தொங்கும் ஊக்கைக் கழற்றி அந்தக் கண்ணில் மாட்டிவிட்டு எழுந்து போகலாம். ஒரு வாரம் கழித்து வந்தாலும் அது அங்கேயே இருக்கும். கைவினைக் கடைகள் இதற்கென்றே பிளாஸ்டிக்கில் வண்ணக் குறிமுள் விற்கின்றன. நம் பெண்களின் வளையலிலும் தாலிக்கொடியிலும் ஊக்கு தொங்கும் வரை அந்த வியாபாரம் இங்கே படுத்துத்தான் கிடக்கும்.

இடுக்கு நேரத்துக்குக் குரோஷாவே ஏற்றது என்பதை வரலாறும் காட்டுகிறது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷன் சபையைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அங்குள்ள பெண்களுக்கு லேஸ் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலைசா, கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது அந்தக் கலையும் கூடப் போனது. அடிமைகளாக நடத்தப்பட்ட பெண்கள் சிலர் லேஸ் விற்ற காசில் தங்கள் விடுதலையை வாங்கினார்கள் என்று மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. அந்தக் கலைக்கு நமது ஆய்வு வணக்கம் செலுத்துகிறது. ஆனால் அது தலையணை லேஸ். கெட்டியான திண்டு ஒன்றும், குத்தி வைக்கக் குண்டூசிகளும், நூல் சுற்றிய மரக்கட்டைகள் டஜன் கணக்கிலும் வேண்டும். அதைத் தூக்கிக்கொண்டு 21ஜி பஸ்ஸில் ஏற முடியாது.

அயர்லாந்தில் 1840-களில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் வந்தபோது, கன்னிமாடங்களும் பாதிரியார் வீட்டுப் பெண்களும் ஏழைகளுக்குக் கற்றுக்கொடுத்தது ஊசி ஒன்றே போதுமான குரோஷாவைத்தான். ஒருத்தி ரோஜா மட்டும் போடுவாள், இன்னொருத்தி இலை மட்டும். பிறகு யாராவது எல்லாவற்றையும் வலையால் இணைப்பார்கள். சிறு துண்டாகச் செய், பெரிதாகச் சேர் என்ற சூத்திரம் அங்கேயே கிடைத்துவிட்டது. அதற்குத் திரும்ப வருவோம்.

இடுக்கு நேரத்தின் பெரும்பகை எண்ணிக்கை. நாற்பத்தைந்து, நாற்பத்தாறு, நாற்பத்தேழு என்று சங்கிலிக் கண் எண்ணுகையில்தான், “அம்மா, என் சாக்ஸ் எங்க?” என்ற குரல் எழும். பத்து எண்ணும்போது அது எழுவதில்லை. பதில் சொல்லிவிட்டுத் திரும்புகையில் கண்கள் கூடியிருக்கும் அல்லது குறைந்திருக்கும். குறைந்தால் டீப்பாய் விரிப்பு கிண்ணமாகக் குவியும். கூடினால் ஓரமெல்லாம் அலை அலையாக எழுந்து, எப்படி அழுத்தினாலும் படியாது. இதைப் பிழை என்பார் மதம் இன்று செல்லாது. 1997-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லாட்விய நாட்டுக் கணித அறிஞர் டைனா டைமினா, வரிசைதோறும் கண்களை ஒரே விகிதத்தில் கூட்டிக்கொண்டே போய், காகிதத்தில் ஒழுங்காக வர மறுத்த அதிபரவளையத் தளத்தைக் குரோஷாவில் பின்னிக் காட்டினார். ஆகவே படியாத விரிப்பைப் பார்த்து யாரேனும் சிரித்தால், இது யூக்ளிடுக்கு உட்படாத வடிவியல் என்று சொல்லிவிடலாம். வீட்டுக்குள் எடுபடுமா என்பது வேறு.

இனிச் சதுரக் கணக்கு. பாட்டிச் சதுரம் என்று வழங்கும் குரோஷாச் சதுரத்தில் முதல் சுற்றுக்கு ட்ரெபிள் எனும் உயரமான கண் 12. இரண்டாம் சுற்றுக்கு 24, மூன்றாம் சுற்றுக்கு 36. சுற்றுக்குச் சுற்று 12 கூடும். போர்வை முழுவதையும் ஒரே சதுரமாகப் போடத் தொடங்குபவர் முதல் நாள் துள்ளுவார். நாற்பதாம் சுற்றில் ஒரு சுற்றுக்கே 480 ட்ரெபிள். துவரம்பருப்பு வெந்து, குழைந்து, அடிப்பிடித்தாலும் அந்தச் சுற்று முடியாது. மாறாக, ஐந்து சுற்றோடு நிறுத்தினால் மொத்தம் 180 ட்ரெபிள். மூன்று விசிலுக்குள் அடங்கிவிடும் என்று பழகிய கைகள் சொல்கின்றன. பழகாத கைகளுக்கு ராஜ்மா வேக வைக்கலாம். அப்படி நூறு சதுரம் சேர்த்தால் போர்வை. ஐரிஷ்காரிகளின் சூத்திரம் இதுவே.

எனில் எல்லாப் போர்வையும் முடிந்திருக்க வேண்டுமே, ஏன் முடியவில்லை? இந்தக் கடாவுக்கு விடை காண, பரண்மேல் ஜவுளிக்கடைக் கட்டைப்பைகளில் உறங்கும் அரைகுறைப் போர்வைகளை இறக்கி ஆராய்ந்தோம். எதிர்பார்த்தது நடுவழியில் நின்றவை. கிடைத்ததோ நூறு சதுரமும் முடிந்து, இணைக்காமல் கிடந்தவை. குற்றவாளி நூல் நுனி. நிறம் மாற்றும்போதெல்லாம் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று என இரண்டு நுனிகள் தொங்கும். சதுரத்துக்கு ஐந்து நிறம் என்றால் பத்து நுனி. நூறு சதுரத்துக்கு ஆயிரம். ஒவ்வொன்றையும் மழுங்கல் ஊசியில் கோத்து, பின்பக்கம் மூன்று தடவை முன்னும் பின்னும் ஓட்டி, ஒட்ட நறுக்க வேண்டும். பின்னுவதில் இன்பம் உண்டு. நுனி மறைப்பதில் இல்லை. பிறகு பார்க்கலாம் என்று சதுரம் சதுரமாகத் தள்ளிப்போட்டவர் ஒரு நாள் ஆயிரம் நுனிகளையும் மொத்தமாகச் சந்திக்கிறார், பை பரணேறுகிறது. அவ்வப்போதே மறைத்துவிடுபவர்தான் ஆண்டுக்கொரு போர்வைக்காரர். இவ்வாய்வின் ஒரே பயனுள்ள முடிவு இதுவாகையால் அவசரக்காரர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

துணைக் குற்றவாளி சாயம். நூல் சிட்டத்தின் தாளில் நிற எண்ணோடு சாயத் தொகுதி எண் ஒன்றும் அச்சிட்டிருக்கும். பாதியில் நூல் தீர்ந்து, பாரிமுனையில் அதே நிற எண்ணைக் கேட்டு வாங்கி வந்தாலும் தொகுதி வேறாக இருந்தால் மருதாணி நிறம் செங்கல் நிறமாகிவிடும். கடைக்காரர் டியூப் லைட்டுக்கடியில் இரண்டையும் பிடித்துக்காட்டி, “ஒண்ணுதாம்மா” என்பார். வெயிலில் அது இரண்டு.

ஒட்டுத்துணிப் போர்வைக்கு வருவோம். வங்காளத்தில் காந்தா, மராட்டியத்தில் கோதடி, வட கர்நாடகத்தில் கௌதி, பீகாரில் சுஜனி எனப் பழந்துணியை அடுக்கி ஓட்டுத்தையல் போடும் மரபு நாடெங்கும் உண்டு. உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி மக்களின் கவந்தி இன்னும் ஒரு படி மேல்: ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டு வந்து, நான்கு மூலையிலும் துணியை மடித்துப் பூ வைப்பார்கள். பூ இல்லாத கவந்தி அவர்கள் கண்ணுக்கு நிர்வாணம். தமிழ் வீட்டில் இம்மரபு அந்த அளவு தழைக்கவில்லை. காரணத்தை நாம் தெருவில் தேட வேண்டும். “பழைய துணிக்குப் பாத்திரம்!” என்ற குரல் கேட்டதும் நம் பாட்டிமார் அடுக்கி வைத்த சேலைகள் எவர்சில்வர் தூக்குவாளியாக மாறிவிட்டன. தப்பியவை தூளியாகவும், வடாம் காயும் விரிப்பாகவும் பணிபுரிந்து இயற்கை எய்தின.

ஆனால் ஒட்டுத்துணிக்காரர் கனவு காணும் துணிக் குவியல் தமிழ் வீட்டில்தான் உள்ளது. அதன் பெயர் பிளவுஸ் பிட். கொலுவுக்குப் போனால், வரலட்சுமி நோன்புக்குப் போனால், வளைகாப்புக்குப் போனால் வெற்றிலை பாக்கோடு 80 சென்டிமீட்டர் துணி வந்து சேர்கிறது. அதற்குப் பொருந்தும் சேலை எவரிடமும் இருக்காது. எனவே அடுத்த கொலுவில் இன்னொருவர் கைக்குப் போகிறது. இரண்டொரு ஆண்டில் கொடுத்தவரிடமே வந்து சேர்வதும் உண்டு. இந்தச் சுழற்சியில் ஒரு கத்தரிக்கோல் நுழைந்தால் போதும். ஒட்டுத்துணி தரையை அடைக்கும், சாப்பாட்டு மேஜையைப் பிடுங்கிக்கொள்ளும் என்பாரும் உளர். அவர்களுக்கு அறுகோண முறை. கல்யாணப் பத்திரிகை அட்டையை ஒரே அளவில் அறுகோணங்களாக நறுக்கி, ஒவ்வொன்றின் மேலும் துணியை மடித்துத் தற்காலிகத் தையல் போட்டு, விளிம்போடு விளிம்பு சேர்த்துக் கையால் தைத்துக்கொண்டே போவது. இடைவெளி விழாது. அறுபக்கமும் இணைந்ததும் அட்டையை உருவிவிடலாம். அத்தனையும் பென்சில் டப்பாவில் அடங்கும். தடித்த அட்டைப் பத்திரிகை அடிப்பவர்கள் இத்துறையின் புரவலர்கள்.

சென்னையில் போர்வை எதற்கு என்ற பயன்பாட்டுக் கேள்வி இன்னும் எஞ்சியுள்ளது. ஜனவரி இரவிலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்க யோசிக்கும் ஊர் இது. ஆயினும் 2016 ஜனவரி 31 அன்று, மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ் என்ற குழு, தனித்தனியாகப் பின்னிய சிறு போர்வைகளை இணைத்து 11,148.5 சதுர மீட்டரில் அந்நாளைய உலகின் மிகப்பெரிய குரோஷாப் போர்வையைக் கின்னஸில் ஏற்றியது சென்னையில்தான். ஊர் வழக்கில் சொன்னால் ஐம்பது கிரவுண்டு. அவ்வளவு இடத்தில் வீடு கட்ட முடியாதவர்கள் போர்வையாவது போர்த்திவிட்டார்கள்.

ஓய்வு நேரம் என்ற கருத்தாக்கத்தைப் பற்றிச் சிரிக்காமல் சொல்ல ஒன்று உண்டு. ஆந்திரத்தின் நரசாபுரம் பகுதிப் பெண்கள் ஏற்றுமதிக்காகக் குரோஷா லேஸ் போடுவதை ஆராய்ந்து, ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982-இல் ஒரு நூல் வெளியிட்டார். வீட்டில் சும்மா இருக்கும் பெண்கள் பொழுதுபோக்குக்காகப் போடுவது என்பதே வியாபாரிகளின் வாதம். அந்தப் பொழுதுபோக்கு நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேரம் நீண்டது. சமையலும் பிள்ளையும் தனி. கூலியோ துண்டுக் கணக்கு, அதுவும் சொற்பம். திருப்பூரில் தெருவுக்குத் தெரு பின்னலாடை இயந்திரம் ஓடுகிறது. அசல் குரோஷாவைப் போடும் இயந்திரம் இன்றும் ஆலைகளில் இல்லை. அந்தப் பெயரில் விற்கும் இயந்திரங்கள் போடுவது வேறு பின்னல். ஆகவே கடையில் குரோஷாச் சட்டை மலிவாகத் தொங்கினால், ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு கை மலிவாகக் கிடைத்திருக்கிறது என்பது போதரும்.

இந்த அடிப்படையில் நமது நூறு சதுரப் போர்வையை மதிப்பிடலாம். 18,000 ட்ரெபிள், ஒன்றுக்கு 4 விநாடி என்று வைத்தாலும் 20 மணி நேரம். ஆயிரம் நுனி, நுனிக்கு ஒரு நிமிடம் என்றால் 16 மணி நேரத்துக்கு மேல். எட்டு மணி நேர நாளாகப் பிரித்தால் நான்கரை நாள் தாண்டும். 2024-25-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த நாள் கூலி 319 ரூபாய். அந்தக் கணக்கில் கூலி மட்டும் 1,400 ரூபாய்க்கு மேல். நூல் தனி, இணைப்பு தனி, சாக்ஸ் தேடியது தனி.

இத்தொகையை எமது முதன்மைத் தகவலாளியான ஆண்டுக்கொரு போர்வைக்காரர், ஊரிலிருந்து வந்திருந்த தம் நாத்தனாரிடம் எடுத்துரைத்தார். அவர் போர்வையை மடியில் விரித்து, திருப்பி, பின்பக்கம் நுனி தெரிகிறதா என்று தடவிப் பார்த்தார். தெரியவில்லை.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா பாரிமுனை பிளாட்ஃபாரத்துல முந்நூறுக்கே தர்றானே, அண்ணி.”

“அப்ப அங்கயே வாங்கிக்கோ.”

“அது சாயம் போயிடும். எனக்கு உங்க கையால வாசலுக்கு ஒரு தோரணம் மட்டும் போதும். அவசரமே இல்ல. நீங்க சும்மா இருக்கறப்போ போட்டுக் குடுங்க.”