கொசு வளர்ப்பவன்

எதையும் அரைகுறையாகச் செய்வதில் வண்டியூரில் எனக்கு இணை கிடையாது. நடைப்பயிற்சிக்கு ஷூ வாங்கியதோடு சரி. சர்க்கரையைக் காபியில் குறைத்துவிட்டேன்; அதிரசத்தில் குறைக்கவில்லை. இவற்றால் கெட்டது என் உடம்பு மட்டும். கொசு விஷயத்தில்தான் ஓர் உயிரினத்தின் வரலாற்றிலேயே கை வைத்துவிட்டேன்.

கொசு மருந்து மிஷினை ராத்திரி முழுக்க ஓடவிட எனக்கு மனசு வராது. கண் சொருகியதும் எழுந்து அணைத்துவிடுவேன். கொசுவத்தியைப் பாதியில் கிள்ளி மறுநாளைக்கு எடுத்து வைப்பேன். பேட்டுக்குச் சார்ஜ் போட மறப்பேன். அதில் அடிபட்ட கொசு மயங்கி விழும், கொஞ்ச நேரத்தில் தெளிந்து பறந்துவிடும். "ஏங்க, அதை அடிக்கிறீங்களா, தாலாட்டுறீங்களா?" என்பாள் மனைவி.

தெருமுனைக் கடைக்காரர் ஆறுதல் சொன்னார். "கொசுவுக்கு எல்லா மருந்தும் பழகிருச்சுண்ணே." அதை வீட்டில் வந்து பெரிய விஞ்ஞானம் போல எடுத்துவிட்டேன். பிளஸ் டூ விலங்கியல் படிக்கும் மகள் நிமிர்ந்து பார்த்தாள். "செத்த கொசு எப்படிப்பா பழகும்?"

அவள் சொன்னது சரிதான். எந்தக் கொசுவும் தன் ஆயுளில் மாறுவதில்லை. பிறக்கும்போதே ஒவ்வொன்றும் இம்மியளவு வேறுபடுகிறது. ஒன்றுக்குத் தோல் கொஞ்சம் தடிப்பு. இன்னொன்றுக்கு நஞ்சை முறிக்கும் நொதி கொஞ்சம் கூடுதல். முழு மருந்துக்கு இரண்டும் செத்திருக்கும். என் பாதி மருந்துக்குப் பிழைத்து முட்டையிடுகின்றன. அந்தச் சிறு வசதி பிள்ளைகளுக்குப் போகிறது. தோலும் நொதியும் ஒரே கொசுவில் சேர, அடுத்த தலைமுறை இன்னும் கொஞ்சம் தாங்குகிறது.

நரம்பிலும் இப்படி ஒரு மாற்றம் உண்டு. நரம்பணுவில் சோடியம் நுழையும் வாயிலை மூடவிடாமல் பிடித்துக்கொள்வதுதான் கொசுவத்தியில் உள்ள பைரித்ராய்டின் வேலை. அந்த வாயிலின் புரதத்தில் 1014ஆம் இடத்தில் லியூசினுக்குப் பதிலாக ஃபினைல்அலனின் வந்தால் பிடி நழுவிவிடும். அதற்கு மரபணுவில் ஓர் எழுத்து மாறினால் போதும். டி.டி.டி.யும் தாக்குவது அதே வாயிலைத்தான். 1953இல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி ஊர் ஊராக டி.டி.டி. அடித்தார்களே, அதில் தேறிய பரம்பரைக்கு என் கொசுவத்தி பழைய கேள்வித்தாள்.

இவ்வளவு மாற அவகாசம் வேண்டாமா என்று கேட்கலாம். திருமலை நாயக்கர் 1645இல் எங்கள் தெப்பக்குளத்தை வெட்டினார். அன்றிலிருந்து மனிதரில் பதினைந்து தலைமுறை வந்திருக்கும். சாக்கடைக் கொசு, நம் ஊர் வெயிலில் முட்டையிலிருந்து பத்துப் பன்னிரண்டு நாளில் இறக்கை முளைத்துப் பறக்கும். வருஷத்துக்கு இருபது தலைமுறை என்று குறைத்து வைத்தாலும் ஏழாயிரத்து ஐந்நூறைத் தாண்டுகிறது. நாம் அத்தனை தலைமுறை காண கிட்டத்தட்ட இரண்டு லட்சம் வருஷம் ஆகும்.

டார்வின் புறா வளர்த்தவர். 1859இல் வந்த அவருடைய புத்தகம் முதல் அத்தியாயத்தில் பேசுவதே வளர்ப்புப் புறாக்களையும் பிராணிகளையும் பற்றித்தான். நல்லதை வைத்துக்கொண்டு மட்டத்தைக் கழிப்பவன், புது இனம் உண்டாக்கும் எண்ணமே இல்லாமல் இனத்தை மாற்றிவிடுகிறான் என்றார். அறியாமல் செய்யும் தேர்வு என்று அதைத் தனியாகப் பிரித்தார். மந்தமான கொசுவை அடித்து, சுதாரிப்பானதைத் தப்பவிட்டு, மருந்தில் மிச்சம் பிடிக்கும் என்னைத்தான் அவர் சொல்லியிருக்கிறார். ஒரு வீட்டால் ஓர் இனம் மாறிவிடாது. ஆனால் தெரு முழுக்க என்னைப் போன்ற சிக்கனக்காரர்கள்.

மருந்தை நம்பாமல் பிறக்குமிடத்தையே அடைப்பதுதான் வழி என்று மகள் முடிவு சொன்னாள். செப்டிக் டேங்க் குழாயின் வாயில் வலை கட்டும் பொறுப்பு என்னிடம் வந்தது. கட்டிவிட்டேன். கைக்கு அகப்பட்டது பழைய வலை; கண் கொஞ்சம் பெரிசு. அண்ணாந்து பார்த்த மகள் கேட்டாள்:

"அடுத்து பொடிக் கொசு இனமாப்பா?"