கட்டிங் முதல் டி.எம்.சி. வரை: கொள்ளளவு மாற்றம் குறித்த ஓர் ஆய்வு

ஆயிரம் மில்லி ஒரு லிட்டர். ஆயிரம் லிட்டர் ஒரு கன மீட்டர். கொள்ளளவு மாற்றம் என்னும் துறையின் மொத்தப் பாடத்திட்டமே இவ்வளவுதான். மூன்று பூஜ்யங்களைச் சேர்க்கத் தெரிந்தவருக்கு இளநிலைப் பட்டம், எடுக்கவும் தெரிந்தவருக்கு முதுநிலைப் பட்டம் கொடுத்துவிடலாம். இத்தனை சுலபமான கணக்கைத் தமிழ்நாட்டில் ஒருவரும் போடுவதில்லை, ஒவ்வொரு அளவும் தன் தொழிலுக்குள்ளேயே பிறந்து அங்கேயே முடிந்துவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

பள்ளிக்கூடத்தில் இந்த ஏணிக்கு ஏழு படிகள்: கிலோ, ஹெக்டோ, டெக்கா, லிட்டர், டெசி, சென்டி, மில்லி. தேர்வு முடிந்த மறுநாளே பாதிக்கு மேல் காணாமல் போய்விடும். ஐரோப்பாவில் அப்படியில்லை. பிரான்சில் குளிர்பான டின்னில் 33 சென்டிலிட்டர் என்று அச்சிடுகிறார்கள். ஒயின் உற்பத்தியை ஹெக்டோலிட்டரில் சொல்கிறார்கள். நம் ஊரில் ஒரு டெக்காலிட்டர் நல்லெண்ணெய் கேட்டால் கடைக்காரர் முதலில் முகத்தைப் பார்ப்பார், பிறகு பக்கத்துக் கடையைக் காட்டுவார்.

டெசிலிட்டர் மட்டும் எதிர்பாராத ஓரிடத்தில் உயிரோடு இருக்கிறது: லேப் ரிப்போர்ட்டில். "சுகர் 140" என்றால், ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில், அதாவது நூறு மில்லியில், 140 மில்லிகிராம் குளுக்கோஸ் என்று பொருள். ஹீமோகுளோபின் 12 என்பதும் டெசிலிட்டருக்கு 12 கிராம்தான். காலை நடையில் பூங்காவைச் சுற்றும் பெரியவர்கள் ஒருவருக்கொருவர் அறிவித்துக்கொள்ளும் எண்களெல்லாம் டெசிலிட்டர் எண்கள். அலகின் பெயரை மட்டும் யாரும் உச்சரிப்பதில்லை. இன்சுலின் போட்டுக்கொள்பவர்களிடம் கேலி செல்லாது. மில்லிக்கு 40 யூனிட் மருந்துக்குச் சிவப்பு மூடி ஊசி, மில்லிக்கு 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி ஊசி; மாற்றிப் போட்டால் அளவு இரண்டரை மடங்கு பிசகும்.

இனி, முதன்மைத் தரவு. மதுக்கடையில் ஃபுல் என்பது 750 மில்லி, ஆஃப் என்பது 375 மில்லி. இதுவரை கணிதம் பிசகவில்லை. அடுத்ததாகக் குவார்ட்டர் 187.5 மில்லியாக இருக்க வேண்டும், இருப்பதோ 180. பாட்டிலுக்கு 7.5 மில்லி துண்டு விழுகிறது. நாலு குவார்ட்டரைச் சேர்த்தால் 720 மில்லி. ஒரு ஃபுல்லுக்கு இன்னும் 30 மில்லி பாக்கி. 30 மில்லி என்பது மிகச் சரியாக ஒரு ஸ்மால் பெக். ஆகவே நாலு பேர் ஆளுக்கொரு குவார்ட்டர் வாங்குவதும், பங்கு போட்டு ஒரு ஃபுல் வாங்குவதும் ஒன்றல்ல. கூடுதலாகக் கிடைக்கும் அந்த ஒரு பெக் யாருக்கு என்ற கேள்வி கணிதத்தைத் தாண்டியது. அதைச் சமூகவியல் துறைக்கு அனுப்பிவிடலாம்.

குவார்ட்டரில் பாதியான கட்டிங்கில் இந்தச் சிக்கல் இல்லை: 90 மில்லி, மூன்று பெக், பைசா சுத்தம். ஆனால் முன்பின் தெரியாத இருவர் சேர்ந்து கட்டிங் போடும்போது அளவுக் குவளை கிடையாது. இரண்டு பிளாஸ்டிக் கிளாஸ்களை ஒட்டி வைத்து, ஒருவர் சொட்டுச் சொட்டாக ஊற்ற, மற்றவர் குனிந்து, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை மட்டத்துக்கு நேராக நிறுத்துகிறார். ஆய்வகத்தில் இடமாறு தோற்றப் பிழையைத் தவிர்க்க ஆசிரியர்கள் ஆண்டு முழுக்கச் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். இங்கே செய்முறைத் தேர்வு ஒரே நிமிடத்தில் முடிகிறது, இருவருமே தேறிவிடுகிறார்கள்.

மெக்கானிக் கடைக்குள் நுழைந்ததும் மில்லி, சிசி ஆகிவிடுகிறது. ஒரு சிசி என்பது ஒரு கன சென்டிமீட்டர். அதுவும் ஒரு மில்லியும் ஒன்றே. பைக்குக்குச் சிசி, காருக்கு லிட்டர் என்பது சம்பிரதாயம். "என் பைக் 150 மில்லி" என்று ஒருவர் உண்மையைச் சொன்னால் அவருக்குப் பெண் கிடைப்பது கஷ்டம். மாருதி 800 காரின் எஞ்சின் 796 சிசிதான். குறைந்த நாலு மில்லி ஒரு டீஸ்பூனுக்கும் காணாது என்பதால் நாடு அதைப் பெரிதுபடுத்தவில்லை.

கணக்கு தலைகீழாவது தண்ணீரில். மொட்டைமாடி டேங்க் லிட்டரில், குடிநீர் வாரியம் எம்.எல்.டி.யில் (நாளொன்றுக்கு மில்லியன் லிட்டர்), மழை சென்டிமீட்டரில், அணை டி.எம்.சி.யில் (ஆயிரம் மில்லியன் கன அடி). நான்கும் ஒரே தண்ணீர், ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லை. ஒரு கிரவுண்டு மனை 2,400 சதுர அடி, ஏறத்தாழ 223 சதுர மீட்டர். அதன்மேல் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 2,230 லிட்டர். சென்னைக்கு ஆண்டுக்குச் சராசரி 140 சென்டிமீட்டர் என்று வைத்தால், அந்த ஒரு மனையில் மட்டும் மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம் லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரியில் 26 லோடு. வானம் வாடகை கேட்காமல் கொண்டுவந்து இறக்கும் இந்த 26 லோடையும் தெருவில் விட்டுவிட்டு, மே மாதம் 27-ஆவது லோடுக்குப் போன் போடுவதே நடைமுறை. மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம். குழாய் பல வீடுகளில் இருக்கிறது. அது எங்கே போய் முடிகிறது என்பது தனி ஆய்வு.

முன்னாய்வுகள் பற்றியும் சொல்ல வேண்டும். லிட்டரின் குறியீடான சிறிய எல், எண் ஒன்றைப் போலவே தெரிகிறது. பெரிய எல் போடலாமென்றால், ஆள் பெயரால் வந்த அலகுக்குத்தான் பெரிய எழுத்து என்பது விதி. 1978 ஏப்ரலில் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென்னத் உல்னர் ஓர் ஆளையே உருவாக்கிவிட்டார்: ஒயின் பாட்டில் செய்யும் குடும்பத்தில் பிறந்த குளோட் எமில் ஜான்-பாப்டிஸ்ட் லித்ர். சர்வதேச வேதியியல் அமைப்பின் இதழ் ஒன்று இதை நிஜமென்று நம்பி வெளியிட்டு, பிறகு திரும்பப் பெற்றது. 1979-இல் பெரிய எல்லுக்கும் அனுமதி கிடைத்தது, லித்ரின் சிபாரிசு இல்லாமலே.

உண்மை வரலாறும் இதற்குக் குறைந்ததல்ல. 1795-இல் பிரான்ஸ் வகுத்தபடி, பத்து சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரமே லிட்டர். 1901-இல் எடை, அளவுகளுக்கான சர்வதேசப் பொது மாநாடு அதை மாற்றி, ஒரு கிலோ தூய நீர் தன் உச்ச அடர்த்தியில் பிடிக்கும் இடமே லிட்டர் என்றது. கிலோ எடைக்கல் கடுகளவு கூடுதலாக அமைந்துவிட்டதால் லிட்டருக்கு 1,000.028 சிசி என்றாயிற்று. மில்லியும் சிசியும் 63 ஆண்டுகள் பிரிந்து வாழ்ந்து, 1964-இல் மாநாடு பழைய வரையறைக்கே திரும்பியதும் சேர்ந்தன.

மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., சுமார் 2,64,678 கோடி லிட்டர். மேற்படி 0.028-ஐ இதில் போட்டுப் பார்த்தால், 1964-இல் மாநாடு கைதூக்கிய அன்று அணையின் கொள்ளளவு 7 கோடியே 41 லட்சம் லிட்டர் கூடியிருக்கிறது. ஆறாயிரத்துச் சொச்சம் லாரி லோடு. இதற்காக மைசூர் அரசு ஒரு மதகையும் திறக்கவில்லை. சென்னை அரசும் நன்றிக் கடிதம் எழுதவில்லை.